பேஜ்மேக்கரில் உடைந்த தமிழ்: விண்டோஸ் 11-க்கு மாறிய ஓர் அச்சகக் கணினியைச் சரிசெய்த பதிவு

கோவில்பட்டிப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு சிறு அச்சகத்தில், விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்த கணினி மதர்போர்டு போய் நின்றுவிட்டது. புதிதாக வாங்கிய கணினியில் விண்டோஸ் 11. பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0, பழைய எழுத்துருக்கள், தமிழ் விசைப்பலகை மென்பொருள் எல்லாவற்றையும் அதில் ஏற்றித்தான் கொடுத்திருந்தார்கள். பேஜ்மேக்கர் திறந்தது, பழைய கோப்பும் திறந்தது. தமிழ்தான் வரவில்லை. முகூர்த்த மாதம், கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது என்று அச்சக அண்ணாச்சி கூப்பிட்டார். என்னென்ன கோளாறு, எது எதனால் வந்தது, எப்படிச் சரியானது என்பதை எழுதிவைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் டிடிபி கடைகள் தமிழ்நாட்டில் இன்னும் நிறைய இருக்கின்றன.

பேஜ்மேக்கரை விட்டுவிட்டு வேறு மென்பொருளுக்குப் போகலாமே என்று பலரும் சொல்வார்கள். 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டது, 1994-இல் அடோபி கைக்குப் போனது, 2001-இல் வந்த 7.0 தான் கடைசிப் பெரிய பதிப்பு. வயதான மென்பொருள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அச்சகத்தில் அதில் செய்த கோப்புகள் வருடக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன. கோவில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பள்ளி ஆண்டு மலர், குடும்ப நினைவு மலர். பல மலர்களின் அச்சுப் பிரதிகூட இன்று யார் கையிலும் இல்லை, கோப்பு மட்டும்தான் இருக்கிறது. அதைத் திறந்து படிக்க முடியவில்லை என்றால் ஓர் ஊரின் எழுத்து தொலைந்ததாகத்தான் அர்த்தம். அதனால் மென்பொருளை மாற்றுவதா வேண்டாமா என்ற பேச்சை ஒத்திவைத்துவிட்டு, முதலில் இருப்பதை ஓட வைப்பது என்று இறங்கினேன்.

கை வைப்பதற்கு முன் செய்த வேலை பிரதி எடுப்பது. பழைய ஹார்ட் டிஸ்க் நன்றாகவே இருந்தது. அதை யூஎஸ்பி பெட்டியில் மாட்டி, டிஸ்க் முழுவதையும் ஓர் இமேஜாக வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்தேன். அதிலிருந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் தனியாகவும் எடுத்தேன். பழைய தமிழ் எழுத்துருக்களில் இது முக்கியம். ஒரே பெயரில் இரண்டு பேர் விற்ற எழுத்துருக்களுக்குள் எழுத்துகளின் இடம் மாறியிருக்கும். இணையத்தில் அதே பெயரில் கிடைக்கிறதே என்று இறக்கிப் போட்டால், ழகரம் இருந்த இடத்தில் வேறு எழுத்து நிற்கும். அந்தக் கணினியில் இருந்த அதே கோப்புதான் வேண்டும்.

அடுத்து ஒரு சோதனைப் பக்கம். டேப், பாமினி இரண்டும் அங்கே புழங்கிய பழைய தமிழ் எழுத்துரு வகைகள். பழைய கோப்பு ஒன்றிலிருந்து டேப் எழுத்துருவில் ஒரு பத்தி, பாமினியில் ஒரு பத்தி, ஆங்கிலத்தில் ஒரு வரி, எண்களும் அடைப்புக்குறிகளும் கொண்ட ஒரு வரி. இந்த ஒரு பக்கத்தைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, எந்த ஒரு மாற்றம் செய்தாலும் அதைத் திறந்து பார்ப்பது. அவசரத்தில் நாலு அமைப்பை ஒன்றாக மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த தடவை கெடும்போது மறுபடி முதலிலிருந்துதான்.

இனி கோளாறுகள். அங்கே டைப் செய்யும் அக்காவிடம் நிதானமாகக் கேட்டேன். அவர் சொன்னது அப்படியே:

"தம்பி, நோட்பேடுல அந்த ஃபான்ட்ட வச்சு அடிச்சா தமிழ் வருது. பேஜ்மேக்கர்ல அடிச்சா இங்கிலீஷ்தான் வருது. பாமினி மட்டும் எப்பவும்போல அடிக்க முடியுது. படத்த இழுத்துப் போட்டா விழ மாட்டேங்குது. இசட் டிரைவையும் காணோம். பழைய ஃபைலைத் திறந்தா தமிழ் எல்லாம் கட்டம் கட்டமா நிக்குது."

இதில் இரண்டு தனித்தனி நோய்கள் கலந்திருந்தன. கட்டம் கட்டமாக நிற்பது ஒன்று. மற்ற எல்லாம் சேர்ந்து இன்னொன்று. அந்த இரண்டாவதை முதலில் எடுத்தேன், ஏனென்றால் அதற்கான தடயம் அக்காவின் பேச்சிலேயே இருந்தது.

நோட்பேடில் வருகிறது, பேஜ்மேக்கரில் வரவில்லை என்றால் விசைப்பலகை மென்பொருள் உயிரோடுதான் இருக்கிறது. பாமினியில் அடிக்க முடிகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பாமினிக்கு விசைப்பலகை மென்பொருளே தேவையில்லை. ஆங்கில எம் இருக்கும் இடத்தில் அ, எஃப் இருக்கும் இடத்தில் க என்று எழுத்துருவுக்குள்ளேயே தமிழ் உட்கார்ந்திருக்கிறது. சாதாரண ஆங்கில விசைகளைத் தட்டினால் போதும். ஆக, விசை பேஜ்மேக்கருக்குப் போய்ச் சேர்கிறது. இடையில் நின்று, தமிழ் 99 என்ற தட்டச்சு முறையின் விசைகளை டேப் எழுத்துகளாக மாற்ற வேண்டிய மென்பொருளால்தான் பேஜ்மேக்கரைத் தொட முடியவில்லை.

பேஜ்மேக்கர் ஐகானின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பட்டையைத் திறந்தால், 'ரன் திஸ் புரோகிராம் ஆஸ் அன் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதில் டிக் இருந்தது. பழைய மென்பொருள் அடம் பிடித்தால் எல்லாரும் முதலில் செய்வது இதுதான், கணினியை அமைத்துக் கொடுத்தவரும் செய்திருக்கிறார். அதன் விளைவு பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, நிர்வாகி உரிமையோடு ஓடும் நிரலுக்குச் சாதாரண உரிமையோடு ஓடும் நிரல் விசைகளையும் கட்டளைகளையும் அனுப்ப முடியாது. ஏதாவது தீய நிரல் புகுந்து நிர்வாகி நிரலை ஆட்டிவைக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. நம் விசைப்பலகை மென்பொருளும் அந்தச் சுவருக்கு வெளியேதான் நிற்கிறது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரும் சாதாரண உரிமையில் ஓடுவதால் அங்கிருந்து படத்தை இழுத்துப் பேஜ்மேக்கரில் போட முடியாது. நெட்வொர்க் டிரைவ் காணாமல் போனதும் இதே காரணம். இசட் டிரைவ் சாதாரண உரிமையில் இணைக்கப்பட்டது, நிர்வாகி உரிமையில் ஓடும் நிரலுக்கு அந்த இணைப்பு தெரியாது. மூன்று புகார், ஒரே டிக்.

விசைப்பலகை மென்பொருளையும் நிர்வாகியாக ஓட்டினால் தமிழ் வந்துவிடும். சிலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிரைவும் இழுத்துப் போடுவதும் அப்படியே கெட்டுத்தான் இருக்கும், அத்தோடு நாள் முழுக்க ஓடும் ஒரு மென்பொருளுக்குத் தேவையில்லாத அதிகாரத்தைக் கொடுத்ததாகும்.

அந்த டிக் ஏன் தேவைப்பட்டது என்று பார்த்தால் பதில் எளிது. பேஜ்மேக்கர் தன் அமைப்புக் கோப்புகளைத் தன் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கும். அது எழுதப்பட்ட காலத்தில் அதுதான் வழக்கம். இன்றைய விண்டோஸில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரண பயனர் எழுத முடியாது. அப்படி எழுத முயலும் பழைய 32 பிட் நிரல்களை விண்டோஸ் வர்ச்சுவல் ஸ்டோர் என்ற வேறொரு ஃபோல்டருக்குச் சத்தமில்லாமல் திருப்பிவிடும். நிர்வாகியாகத் திறந்தால் ஓர் அமைப்பு, சாதாரணமாகத் திறந்தால் வேறோர் அமைப்பு என்று தலைசுற்றும் நிலை அதனால்தான் வருகிறது.

ஆகவே பேஜ்மேக்கரை நீக்கிவிட்டு, புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே, சி டிரைவில் அதற்கென ஒரு ஃபோல்டர் உருவாக்கி அங்கே நிறுவினேன். அந்த ஃபோல்டரின் செக்யூரிட்டி பட்டையில் அக்கா பயன்படுத்தும் பயனர் கணக்குக்கு மாடிஃபை உரிமை கொடுத்தேன். பயனர் ஃபோல்டருக்குள் வர்ச்சுவல் ஸ்டோரில் கிடந்த பழைய பேஜ்மேக்கர் கோப்புகளையும் அழித்தேன். கம்பாட்டிபிலிட்டி டிக் எடுத்தாயிற்று. பேஜ்மேக்கர் சாதாரணமாகவே திறந்தது, இசட் டிரைவ் தெரிந்தது, படம் விழுந்தது, தமிழ் விசை உள்ளே போனது.

போனது, ஆனால் தமிழாக இல்லை. ஓர் எழுத்து தட்டினால் இரண்டு கட்டங்கள் வந்து விழுந்தன, சில விசைகளுக்கு மூன்று. முதல் கோளாறு சரியானதால்தான் இந்தத் தடயமே கண்ணுக்குத் தெரிந்தது. கட்டம் கட்டமாக நிற்கும் பழைய கோப்புக்கும் இதுவேதான் காரணம் என்று அப்போது பிடிபட்டது.

இதைப் புரிந்துகொள்ளப் பழைய எழுத்துருக்கள் வேலை செய்த விதம் தெரிய வேண்டும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முன்னால் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், மொத்தம் 256 இடம். முதல் 128 இடம் ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் போய்விடும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய குறியாக்கங்கள், அதாவது எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற ஏற்பாடுகள், டாம், டேப் என்ற இரண்டு. தமிழ் 99 விசைப்பலகையும் அதோடு வந்ததுதான். இவற்றில் டேப் இருமொழிக் குறியாக்கம். ஆங்கிலத்தைக் கீழ்ப் பாதியில் அப்படியே விட்டுவிட்டு, தமிழ் முழுவதையும் மேல் 128 இடங்களில் வைத்தது. பாமினியோ பெரும்பாலும் கீழ்ப் பாதியிலேயே தமிழை வைத்துக்கொண்டது.

இப்போது சோதனைப் பக்கத்தைப் பார்த்தால் படம் தெளிவு. ஆங்கில வரி ஒழுங்காக இருக்கிறது. பாமினிப் பத்தி ஏறக்குறைய ஒழுங்காக இருக்கிறது, அங்கங்கே ஓரிரு எழுத்து மட்டும் கட்டம். டேப் பத்தி முழுக்கக் கட்டம். அதாவது கீழ்ப் பாதி பத்திரம், மேல் பாதி மட்டும் காலி. எழுத்துரு கெட்டிருந்தாலோ கோப்பு கெட்டிருந்தாலோ சேதம் இப்படிக் கோடு போட்டு வகுந்தது மாதிரி இருக்காது. மேல் பாதியை விண்டோஸ் எப்படிப் படிக்கிறது என்பதில்தான் மாற்றம் நடந்திருக்கிறது.

கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து சிஎச்சிபி என்ற கட்டளையை அடித்தேன். எந்தக் குறிப்பக்கம், அதாவது பைட்டை எழுத்தாகப் படிக்கும் எந்த அட்டவணை, புழக்கத்தில் இருக்கிறது என்று அது காட்டும். ஆங்கிலம் வைத்த கணினிகளில் பொதுவாக 437 என்று வரும். இங்கே 65001 வந்தது. 65001 என்பது யூடிஎஃப்-8, யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் ஒரு முறை.

கன்ட்ரோல் பேனலில் ரீஜியன், அதில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் பட்டை, அங்கே 'சேஞ்ச் சிஸ்டம் லோகேல்'. யூனிகோட் அறியாத நிரல்களுக்கு எந்த மொழி என்று சொல்லும் இடம் அது. அந்தச் சிறிய பெட்டிக்குள் 'பீட்டா: யூஸ் யூனிகோட் யூடிஎஃப்-8 ஃபார் வேர்ல்ட்வைட் லேங்குவேஜ் சப்போர்ட்' என்று ஒரு வரி இருக்கும். விண்டோஸ் 10-இல் 2018 வாக்கில் வந்த வசதி. அதில் டிக் போடப்பட்டிருந்தது. தமிழ் நன்றாக வரட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் யாரோ போட்டிருக்க வேண்டும், பெயரைப் பார்த்தால் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது பேஜ்மேக்கரை யூனிகோட் மென்பொருளாக மாற்றிவிடாது. பேஜ்மேக்கருக்கு ஓர் எழுத்து என்றால் ஒரு பைட்தான். யூடிஎஃப்-8-இல் மேல் பாதிப் பைட் தனியாக வந்தால் அது செல்லாத குறி, அதனால் பழைய கோப்பில் கட்டம். புதிதாகத் தட்டும்போது விண்டோஸ் அதே எழுத்தை இரண்டு அல்லது மூன்று பைட்டாக்கிக் கொடுக்கிறது, பேஜ்மேக்கர் ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு கட்டம், மூன்று கட்டம் வந்த கணக்கு இப்படி நேரானது.

டிக்கை எடுத்து, மேலே உள்ள மொழியை இங்கிலீஷ் (இந்தியா) என்று வைத்து, கணினியை மறுபடி தொடங்கினேன். டேப் பத்தி ஒரு கட்டமும் இல்லாமல் வந்து நின்றது. அக்கா 2004-இல் செய்த ஒரு கோவில் கொடை நோட்டீஸைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தார். எழுத்துப் பிசகு ஒன்றும் இல்லை. கோப்புகளுக்குள் பைட்டுகள் அப்படியேதான் இருந்தன, காட்டும் விதம் மட்டும்தான் மாறியிருந்தது. ஆனால் டிக் இருந்த நாட்களில் வேறு கோப்புகளிலிருந்து வெட்டி ஒட்டிச் சேமித்த பகுதிகள் உண்மையிலேயே குப்பையாகச் சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றை மட்டும் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. இந்தக் கோளாறோடு எந்தக் கோப்பையும் சேமிக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த லோகேல் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுக்கக் கை போகும். பழைய எழுத்துரு மென்பொருளுக்காக என்றால் வேண்டாம். விண்டோஸின் தமிழ் லோகேலுக்கென்று ஒற்றைப் பைட் குறிப்பக்கம் இருந்ததில்லை. விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்ததே யூனிகோட் வழியாகத்தான். டேப், டாம், டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்துக்கான 1252 பக்கத்தின் மேல் எழுத்துருவை மாற்றிப் போட்டு ஓட்டியவை. அவற்றுக்கு ஆங்கில லோகேல்தான் சரி.

எழுத்துருவில் ஒரு சின்ன விஷயம். சில எழுத்துருக்கள் பேஜ்மேக்கர் பட்டியலில் வரவே இல்லை. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, எழுத்துருவை வலது சொடுக்கி வெறும் 'இன்ஸ்டால்' கொடுத்தால் அது அந்தப் பயனரின் ஃபோல்டருக்குள் மட்டும் போகிறது. பழைய மென்பொருள்கள் சில அதைக் கண்டுகொள்வதில்லை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்த எழுத்துருக்களை 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுத்து நிறுவியதும் பட்டியல் நிரம்பியது. புழக்கத்தில் இல்லாத நூற்றுக்கணக்கான எழுத்துருக்களை ஏற்றாமல் விட்டோம். பேஜ்மேக்கர் வேகமாகத் திறக்கவும் அது உதவியது.

கடைசியாக வந்தது வரி முறிவு. பழைய மலர் ஒன்றைத் திறந்தால் எழுத்து எல்லாம் சரி, ஆனால் பத்திகளில் வரி வேறு இடத்தில் முறிந்து, ஒரு பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு ஓடியிருந்தது. பேஜ்மேக்கரில் டாக்குமென்ட் செட்டப்புக்குள் 'கம்போஸ் டு பிரிண்டர்' என்று ஓர் இடம் உண்டு. எந்த அச்சுப்பொறிக்காகப் பக்கம் அமைக்கப்படுகிறது என்பதை வைத்து அது எழுத்துகளின் அகலத்தைக் கணக்கிடும். பழைய கணினியில் இருந்த அச்சுப்பொறிப் பெயர் புதியதில் இல்லாததால், கையில் கிடைத்த இன்னொன்றை எடுத்துக்கொண்டு மறுபடி அடுக்கியிருக்கிறது. அச்சகத்தில் ட்ரேசிங் ஷீட் எடுக்கும் லேசர் பிரிண்டருக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரிக்கும் மொழி) டிரைவரை நிறுவி, அந்தப் பிரிண்டரின் திறன்களைச் சொல்லும் பிபிடி கோப்பைப் பேஜ்மேக்கரின் பிபிடி ஃபோல்டரில் வைத்து, எல்லாக் கோப்புக்கும் இனி அதையே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தோம். பெரும்பாலான பக்கங்கள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. சில மலர்களில் ஓரிரு வரியை அக்கா கையால் இழுத்துச் சரிசெய்தார். பழைய அச்சுப் பிரதி இருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி. வெளியே அனுப்பும் பிடிஎஃப்பில் எழுத்துரு உட்பொதிந்திருக்கிறதா என்றும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்குபவர் கணினியில் ஆங்கிலக் குறிகள் வரிசையாக நிற்கும்.

அண்ணாச்சிக்கு வேலை ஓட ஆரம்பித்துவிட்டது. எனக்கு மனம் நிற்கவில்லை. இந்தக் கணினியும் ஒரு நாள் நிற்கும், அடுத்த விண்டோஸில் பேஜ்மேக்கர் திறக்குமா என்பது உறுதியில்லை. 2010-இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. புது வேலைகளையாவது யூனிகோடை அறிந்த மென்பொருளில் செய்ய வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "செய்யலாம் தம்பி, முகூர்த்தம் முடியட்டும்" என்றார். ஆனால் பழைய மலர்களின் எழுத்தை மாற்றுவதற்கு உடனே சம்மதித்தார்.

அதற்குக் கைக்கொண்ட வழி இது: பேஜ்மேக்கரில் எழுத்துப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வெறும் உரையாக எடுப்பது, குறியாக்கம் மாற்றும் மென்பொருளான என்எச்எம் கன்வெர்ட்டரில் டேப் அல்லது பாமினி என்று சரியான குறியாக்கத்தைச் சொல்லி யூனிகோடாக மாற்றுவது, லிப்ரே ஆஃபிஸில் திறந்து மூலத்தோடு ஒத்துப் படிப்பது. பழைய எழுத்துருக்களில் கொம்பு கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் மெய்யெழுத்து முதலில், கொம்பு பிறகு. கன்வெர்ட்டர் இதைத் திருப்பிவிடும், ஆனால் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு வரி முறிவோ இடைவெளியோ விழுந்திருந்தால் தடுமாறிவிடும். மாற்றிய உரையில், துணையில்லாத கொம்போடு தெரியும் புள்ளி வட்டத்தைக் கண்ணால் தேடினால் அந்த இடங்கள் அகப்பட்டுவிடும். லிப்ரே ஆஃபிஸ் டிராவுக்கு 4.4 பதிப்பிலிருந்தே பேஜ்மேக்கர் கோப்பை நேரடியாகத் திறக்கத் தெரியும் என்பதால், பக்கம் எப்படி இருந்தது என்று பார்க்க அதுவும் உதவுகிறது. எழுத்து அதில் பழைய குறியாக்கத்திலேயேதான் இருக்கும்.

ஒரே பத்தியில் தலைப்பு பாமினியிலும் உடல் டேப்பிலும் இருக்கும் கோப்புகள்தான் இப்போது மெதுவாகப் போகின்றன. வெறும் உரையாக எடுக்கும்போது எழுத்துருப் பெயர் தொலைந்துவிடுவதால், எது எந்தக் குறியாக்கம் என்று பிரித்து இரண்டு தடவையாக மாற்ற வேண்டியிருக்கிறது. அக்கா பேஜ்மேக்கரிலேயே பாமினிப் பகுதிகளுக்கு முன்னும் பின்னும் ஓர் அடையாளக் குறி போட்டுக் கொடுக்கிறார், நான் மாற்றிக் கொடுக்கிறேன், பிழை பார்ப்பதும் அவர்தான். நினைவு மலர்கள் முடிந்துவிட்டன. பள்ளி ஆண்டு மலர்களில் 2006-ஆம் ஆண்டு வரை வந்திருக்கிறோம்.